கோர்டுரோய்: ஒரு துணியின் பெயரை உருவிப் பார்க்கும் வழி

போன மார்கழியில், மழை விட்ட ஒரு பின்னேரம், பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்தாள். உடுப்பு வடிவமைப்புப் படிக்கிறவள். கையில் மண்ணிறக் கோர்டுரோய்த் துண்டொன்று, வரம்பு வரம்பாக மயிர் எழும்பி நிற்கும் பருத்தித் துணி. “மாமா, ஒரு துணியின்ர பேர் எங்கயிருந்து வந்தது எண்டு வகுப்பில பேசவேணும். நீங்கள் ஒரு ராசாவின்ர கதை சொன்னனீங்களெல்லே, அதை ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ” என்றாள்.

சொன்னது நான்தான். கொழும்பு வெள்ளவத்தையில் தையற்கடை போட்ட நாளிலிருந்து, கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்களுக்குக் குளிர்க்கோட்டு வெட்டும்போதெல்லாம் சொல்லி வந்த கதை அது. பிரெஞ்சு மொழியில் ‘கோர்ட் டு ருவா’ என்றால் அரசனின் கயிறு. பிரான்ஸ் அரசனின் பணியாட்கள் உடுத்த துணி. அதுவே ஆங்கிலத்தில் கோர்டுரோய் ஆனது. கேட்டவர்களுக்கு அது பிடித்தது, சொன்ன எனக்கும் பிடித்தது. அன்றைக்கும் அப்படியே சொல்லி முடித்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, “எந்த ராசா, மாமா?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. எந்த அரசன், எந்த வருடம், யார் எழுதி வைத்தது என்று ஒரு நாளும் நான் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மாதம் அலைந்தோம். எப்படித் தேடினோம், எங்கே பிழை விட்டோம், கடைசியில் என்ன கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தத் துணியின் பெயரைத் தேடப் போகிறவர்களுக்கும் இந்த வழி உதவும்.

முதலில் துணியை மேசையில் விரியுங்கள். பெயரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேரே அகராதிக்குப் போய்விடுகிறார்கள். துணி எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் பெயருக்குப் பொருள் தேடினால், யார் எதைச் சொன்னாலும் சரி போலவே இருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. வெட்டவும் தைக்கவும் தெரிந்தவன், நெசவைப் பற்றி யோசித்ததில்லை.

நல்ல துண்டு தேடி இருவரும் புறக்கோட்டைக்குப் போனோம். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் போதும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், நான் வழக்கமாகத் துணி எடுக்கும் நானாவின் கடை. “பெரிய கோடும் ஈக்கி, சின்னக் கோடும் ஈக்கி மாஸ்டர், எது வேணும்?” என்று கேட்டார். இரண்டிலும் அரை அரை மீற்றர் எடுத்தோம். ஒன்றை வாங்கினால் ஒப்பிட முடியாது. இரண்டாவது துண்டின் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கோடுகளுக்குக் குறுக்கே அளவு நாடாவை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை வரம்பு என்று எண்ணுங்கள். கோர்டுரோயை உலகம் முழுக்க இந்த எண்ணிக்கையால்தான் பிரிக்கிறார்கள். 11 அளவில் இருந்தால் அது நடுத்தரம், காற்சட்டைக்கு ஏற்றது. எட்டுக்குக் கீழே போனால் தடித்த வரம்பு, கோட்டுக்கும் மெத்தைக் கதிரைக்கும் போகும். 16க்கு மேலே மெல்லிய ஊசி வரம்பு, சேர்ட்டுக்கும் சின்னப் பிள்ளைகளின் சட்டைக்கும். ஆங்கிலத்தில் அந்த வரம்பின் பெயரைத் தமிழில் எழுதினால் ‘வேல்’ என்று வரும். முருகனின் வேலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் மண்ணாலோ கல்லாலோ எழுப்பிய வரம்புக்கும், சவுக்கடி பட்ட இடத்தில் எழும்பும் தழும்புக்கும் இருந்த சொல் அது. ஒலி ஒத்துப்போவதை நம்பக்கூடாது என்று அந்த வேல் எனக்கு முதலிலேயே சொல்லித்தான் பார்த்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து, துணியின் வெட்டிய ஓரத்தில் ஊசி முனையால் நூல்களைப் பிரியுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. நெடுக்கே ஓடும் பாவு நூல் முழுசாக, நீளமாக உருவி வரும். குறுக்கே ஓடும் ஊடை நூலில் இரண்டு வகை இருக்கும். ஒன்று பாவு போலவே முழுசாக வரும். மற்றது வராது. கையில் எடுத்தவுடன் சின்னச் சின்னப் பஞ்சுத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். அந்தப் பிள்ளை அவற்றை வெள்ளைத் தாளில் வைத்துக் கண்ணாடியால் பார்த்தாள். ஒவ்வொன்றும் நடுவில் மடிந்து, இரண்டு முனையும் மேலே விரிந்து நின்றது.

கோர்டுரோயின் பிறப்பு முழுக்க அந்த உதிர்ந்த துண்டுகளில் இருக்கிறது. தறியில் இருந்து இறங்கும்போது இந்தத் துணியில் மயிர் கிடையாது. ஊடையில் ஒரு பகுதி பாவோடு இறுகப் பின்னித் துணியைப் பிடித்து நிற்கும். மறுபகுதி பல பாவு நூல்களுக்கு மேலாகத் தளர்ந்து மிதந்து போகும். நெய்து முடித்தபின், மிதக்கும் நூல்களுக்கு நடுவால் நெடுக்கே கத்தி ஓட்டி அறுப்பார்கள். அறுபட்ட முனைகள் பக்கத்து வரிசையின் முனைகளோடு சேர்ந்து நிமிரும். அதைத் தூரிகையால் வாரி, துருத்தி நிற்கும் பஞ்சை நெருப்புக் காட்டிப் பொசுக்கினால், வயல் போல வரம்பும் வாய்க்காலுமாகத் துணி வந்துவிடும். வெல்வெட் அப்படி அல்ல. அதன் மயிர் நெடுக்கே ஓடும் பாவிலிருந்து வருகிறது. ஆகவே கோர்டுரோயைப் பட்டு வெல்வெட்டின் ஏழைத் தங்கை என்று சொல்வதும் பிழை. இது பருத்தியில் நெய்த ‘ஃபஸ்டியன்’ என்ற முரட்டுத் துணிக் குடும்பத்துப் பிள்ளை.

இயந்திரம் வருமுன் அந்த அறுப்பைக் கையால் செய்தார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரிலும் செஷயரிலும் அது பெரிய கைத்தொழில். துணியை நீளமான சட்டத்தில் இறுக இழுத்துக் கட்டி, மெல்லிய நீண்ட கத்தியை ஒரு வரிசைக்குள் நுழைத்து, துணியின் ஓரமாக நடந்துகொண்டே தள்ளுவார்கள். ஒரு வரிசை முடிந்தால் திரும்பி வந்து அடுத்த வரிசை. கை நடுங்கினால் துணியில் ஓட்டை. செஷயரில் லிம் என்ற ஊரில் வீடுகளின் மேல்மாடியே அறுப்புப் பட்டறையாக இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் அதில் வேலை செய்தார்கள். யோர்க்ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூர் இந்தத் துணியாலேயே பெயரெடுத்தது. அந்த ஊர்ச் சதுக்கத்தில் இன்றைக்கும் அறுப்புக் கத்தியின் வடிவில் ஒரு பெரிய சிலை நிற்கிறது.

கடையில் இருந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். 27 அங்குல அகலத் துணி, அங்குலத்துக்கு 11 வரம்பு என்றால், ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கலுக்கு 297 தடவை கத்தி ஓட வேண்டும். துணி 30 யார் நீளமென்றால் 8,910 யார். ஐந்து மைலுக்கு மேலே. இந்த வெள்ளவத்தைக் கடையிலிருந்து புறக்கோட்டை வரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். ஒரேயொரு துணிக்கு ஒருத்தி கத்தியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவும் நடந்திருக்கிறாள். கணக்கைப் பார்த்தபின் எனக்கு அரசனின் கதையைச் சொல்ல மனம் வரவில்லை. அப்போது அது பிழை என்றுகூட எனக்குத் தெரியாது.

துணி தெரிந்தபின் பெயருக்கு வாருங்கள். முதலில் உங்கள் வீட்டில், கடையில், சந்தையில் அந்தத் துணியை எப்படி எல்லாம் சொல்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கள் கொப்பியில் கோர்டுரோய், கோட்ரோய், கோடுரோய் என்று மூன்று வந்தன. தமிழ்நாட்டு வியாபாரி ஒருவர் கார்டுராய் என்றார்.

கோடுரோய் என்பது என் ஐயாவின் சொல். அவரும் தையற்காரர். நான் பத்து வயதில் கடையில் தெறி தைக்கப் பழகியபோது, “கோடு கோடா இருக்கிறபடியால்தான் தம்பி இதுக்குக் கோடுரோய் எண்டு பேர்” என்று சொல்லித் தந்தார். அதை நான் உண்மை என்றே நினைத்தேன். இலங்கையில் ஆங்கிலச் சொல்லை நாங்கள் ‘கோ’ என்று தொடங்கிச் சொல்வதால், அதற்குள் ‘கோடு’ என்ற தமிழ்ச் சொல் அப்படியே கேட்கிறது. துணியிலும் கோடு இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? பிற்பாடு வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன பிரெஞ்சுக் கதை வந்ததும் ஐயாவின் கதையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டும் ஒரே வகைக் கதை என்று இப்போதுதான் விளங்குகிறது. என் ஐயாவின் காது தனக்குத் தெரிந்த ‘கோடு’ என்ற சொல்லைக் கேட்டது. ஆங்கிலேயனின் காது தனக்குத் தெரிந்த ‘ருவா’ என்ற பிரெஞ்சு அரசனைக் கேட்டது.

இந்த இடத்தில் உறுதியாக ஒரு யோசனை சொல்கிறேன். உங்களுக்கு மிகவும் பிடித்த விளக்கத்தைக் கொப்பியில் முதலாவதாக எழுதி, அதற்குச் சாட்சி கிடைக்கும்வரை அடிக்கோடு போட்டு வையுங்கள். பிடித்த கதையை நாம் சோதிப்பதில்லை, அதனால்தான்.

இனி வருடத்துக்கு வரலாம். ஒரு சொல் முதன்முதலில் எப்போது எழுத்தில் வந்தது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. இதில் கை பழக, வீட்டில் இருக்கும் சொற்களில் தொடங்குங்கள். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு அது வசதி. காற்சட்டைக்கு என் அப்பம்மா சொன்ன ‘களிசான்’ போர்த்துக்கேயரின் ‘கல்சாவ்’. கைக்குட்டைக்குச் சொல்லும் ‘லேஞ்சி’ அவர்களுடைய ‘லென்சு’. சப்பாத்து, கதிரை இரண்டும் அவர்களிடம் இருந்தே வந்தன. கந்தோர் ஒல்லாந்தரின் ‘கன்தோர்’. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல், ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், ஆங்கிலேயர் பிடித்தது 1796இல். சொல்லும் சரி, வந்த வழியும் சரி, வருடமும் சரி. போர்த்துக்கேயரின் மொழியில் இன்றைக்கும் அந்தச் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. நல்ல சொல்வரலாறு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் தட்டினாலும் உறுதியாக நிற்க வேண்டும்.

கோர்டுரோயை இதே தட்டில் வையுங்கள். நூலகம் ஒன்றின் உசாத்துணைப் பகுதியில், பல தொகுதிகளாக இருக்கும் பெரிய ஆங்கில அகராதியில் இரண்டு பின்னேரம் இருந்தோம். இந்தச் சொல் ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வருகிறது. 1776இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஒரு காப்புரிமைப் பத்திரம் ஃபஸ்டியன் வகைத் துணிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அடுக்குகிறது, கோர்டுரோய் அதில் இல்லை. 1790 அளவில் எல்லாருக்கும் தெரிந்த துணியாகிவிட்டது. ஆங்கிலேயர் கொழும்புக்குள் நுழைந்தபோது இந்தப் பெயர் இன்னும் இளசு. எங்கள் கடலோரத்தில் போர்த்துக்கேயச் சொல்லாகவோ ஒல்லாந்தச் சொல்லாகவோ இது வந்திருக்க வழியே இல்லை.

வருடம் பார்க்கும் பழக்கம் வேறோர் இடத்திலும் எங்களைக் காப்பாற்றியது. எகிப்தில் ஃபுஸ்தாத் என்ற நகரில் கி.பி. 200 அளவிலேயே கோர்டுரோயின் மூதாதை பிறந்தது என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அந்தப் பிள்ளை அதை ஆசையாக எழுதிக்கொண்டு வந்தாள். ஃபஸ்டியன் என்ற பெயர் ஃபுஸ்தாத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுவது உண்மை. ஆனால் ஃபுஸ்தாத் நகரம் 641இல்தான் நிறுவப்பட்டது. அம்ர் இப்னுல் ஆஸ் எகிப்தை வென்றபின் கட்டிய நகரம் அது, இன்றைய கெய்ரோவின் ஒரு பகுதி. இல்லாத ஊரில் நானூறு வருடத்துக்கு முன்னரே துணி நெய்ய முடியாது. அவள் பேனையால் அந்த வரியை வெட்டினாள். முகம் வாடிப்போனது. நான் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தேன்.

வருடம் பார்த்தாயிற்று என்றால், சொல்லைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மொழியின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. வெள்ளவத்தையில் அநேகமான வீடுகளுக்குப் பாரிஸில் ஓர் உறவு உண்டு. அந்தப் பிள்ளையின் சித்தி லா ஷப்பெல் பக்கம் இருக்கிறா. “சித்தி, துணிக்கடையில போய் கோர்ட் டு ருவா எண்டு கேளுங்கோ” என்று வாட்ஸ்அப்பில் சொன்னோம். மறுநாள் குரல் பதிவு வந்தது: “நான் கேட்டன் பிள்ளை, கடைக்காரிக்கு ஒண்டும் விளங்கேல்ல. துணியின்ர படத்தைக் காட்டினவுடன, ஓ, வெலூர் கோத்லே எண்டாள்.”

வெலூர் கோத்லே என்றால் வரம்பு எழும்பிய வெல்வெட் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் இந்தத் துணிக்குத் தம் மொழியில் வைத்திருக்கும் பெயர் அதுதான், அதில் அரசன் இல்லை. பெரிய அகராதியும் இதையே சொல்கிறது: ‘கோர்ட் டு ருவா’ என்ற பெயரைப் பிரெஞ்சு மொழி இந்தத் துணிக்கு ஒருபோதும் வழங்கியதில்லை. அதைவிடவும் ஒரு வலுவான சாட்சி இருந்தது. 1807இல் பிரான்ஸின் சான்ஸ் நகரில் நெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்றில் அரசனின் கயிறு என்று பொருள்படும் ‘கிங்ஸ் கோர்ட்’ என்ற சொல் ஆங்கிலத்திலேயே வருகிறது. பெயர் பிரான்ஸில் பிறந்திருந்தால் பிரெஞ்சுக்காரர் ஏன் அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? அரசன் இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்குப் போயிருக்கிறான், அங்கிருந்து வரவில்லை. அன்றைய இங்கிலாந்தில் பிரெஞ்சுப் பெயருக்கு மதிப்பு இருந்தது. உழைப்பாளியின் பருத்தித் துணிக்கு அரச வாசம் பூச அது போதும்.

இந்தச் சோதனையில் தேறும் பெயரும் உண்டு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கதையையும் பொய் என்று தள்ளிவிடத் தோன்றும். டெனிம் என்ற பெயர் பிரான்ஸின் நீம் நகரத்திலிருந்து வந்தது என்பார்கள். ‘செர்ஜ் டு நீம்’ என்ற துணிப் பெயர் உண்மையில் வழங்கியது, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில எழுத்திலும் வருகிறது. காலிகோ கோழிக்கோட்டின் பெயர். மஸ்லின் ஈராக்கின் மோசூல் நகரின் பெயர். எங்கள் அம்மாமார் ‘சீத்தை’ என்று சொன்ன பூப்போட்ட துணியும் ஆங்கிலேயரின் ‘சின்ட்ஸ்’ துணியும் இந்தியாவின் ‘சீண்ட்’ என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். அவ்வளவு ஏன், நாங்கள் துணி வாங்கப் போன இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘பெட்டா’ என்று பெயர், அது எங்கள் ‘பேட்டை’தான்.

இப்போது சொல்லை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். முன்பாதியில் சிக்கல் இல்லை. ‘கோர்ட்’ என்றால் ஆங்கிலத்தில் கயிறு, புரி. அது பிரெஞ்சு வழியாக லத்தீனுக்கும் அங்கிருந்து கிரேக்கத்துக்கும் போகிறது. கிரேக்கத்தில் ‘கொர்டே’ என்பது குடல். குடலை முறுக்கி இசைக்கருவிக்குத் தந்தி கட்டினார்கள், தந்தியிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து துணியின் மேல் கயிறு படுத்தது போன்ற வரம்பு. எங்கள் முன்னோர் யாழின் தந்தியை நரம்பு என்று சொன்னார்கள். உடம்பின் உறுப்பை எடுத்து இசைக்குக் கட்டும் அதே வழி அங்கேயும் நடந்திருக்கிறது. இதை வாசித்த அன்று நான் ஒரு கோர்டுரோய்க் குளிர்க்கோட்டின் பின்பக்கத்தை விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

பின்பாதியில்தான் வழக்கு. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், சோமர்செட் பக்கத்தில், ‘டுரோய்’ என்று ஒரு துணி 18ஆம் நூற்றாண்டில் நெய்யப்பட்டது. கோர்ட், டுரோய் இரண்டும் சேர்ந்தால் கோர்டுரோய். எந்த அரசனையும் கூப்பிடாமல் சொல் முடிந்துவிடுகிறது. பல அகராதிகள் இதை முதலாவதாக எழுதி, ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைச் சேர்க்கின்றன. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதாதீர்கள், ஏனென்றால் டுரோய் கம்பளித் துணி, கோர்டுரோய் பருத்தி. ஒன்றிலிருந்து மற்றது எப்படிப் பெயர் எடுத்தது என்ற கேள்வி நிற்கிறது. நான் மேலே சொன்ன பெரிய அகராதியின் பழைய பதிப்பு, இரண்டுக்கும் தொடர்பில்லை போலிருக்கிறது என்றே எழுதியது. கோர்டரோய் என்ற குடும்பப் பெயர் இங்கிலாந்தில் உண்டு, அதுவும் மூலமாக இருக்கலாம் என்று ஒரு கருத்தைக் குறித்து வைத்தது. தையற்காரனாக எனக்கு டுரோய்தான் மனதுக்கு நெருங்கி வருகிறது. கடையில் பழைய துணிப் பெயரைப் புதுத் துணிக்கு மாற்றிப் போடுவதை நான் நாளாந்தம் பார்க்கிறேன். பட்டு ஒரு நூல்கூட இல்லாத நைலோன் சேலைக்கு ‘பட்டு’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். ஆனால் அது என் எண்ணம், சாட்சி அல்ல. கொப்பியில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருங்கள்.

பக்கத்து மொழிகளையும் கேட்டுப் பார்க்கலாம், இது கொஞ்ச நேர வேலை. ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் இந்தத் துணியை மன்செஸ்டர் என்று சொல்வதுண்டு. செக் மொழியில் ‘மன்ஷெஸ்டர்’ என்றே பெயர். லங்காஷயரின் பருத்தி நகரத்தை அவர்கள் மறக்கவில்லை. இத்தாலியரின் ‘வெல்லூத்தோ அ கோஸ்தே’யும் வரம்புள்ள வெல்வெட்டே. இங்கே அரசன் எங்கேயும் தலைகாட்டவில்லை.

சொல் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கும்போது அது எங்கே போனது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் சேற்று நிலத்தில் மரக்குற்றிகளைக் குறுக்கே வரிசையாக அடுக்கிப் போட்ட பாதைக்குக் ‘கோர்டுரோய் ரோட்’ என்று பெயர் வந்தது. உள்நாட்டுப் போரின்போது பீரங்கி வண்டிகள் புதையாமல் போகப் படைகள் அப்படிப் பாதை போட்டன. பெயர் வைத்தவர்களுக்கு அந்தத் துணி எவ்வளவு பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும்! சேற்றைப் பார்க்கும்போது அவர்களுக்கு நினைவு வந்தது தாம் போட்டிருந்த காற்சட்டை.

துணியை வாங்கியவர்கள் தைக்காமல் விடமாட்டீர்கள், ஆகையால் வெட்டுவது பற்றியும் ஒரு விடயம். உள்ளங்கையால் நெடுக்கே தடவுங்கள். ஒரு பக்கம் மயிர் பணியும், மறுபக்கம் எதிர்த்து நிற்கும். எல்லாத் துண்டையும் ஒரே பக்கம் பார்த்து வெட்ட வேண்டும். இளமையில் நான் ஒரு கோட்டின் இடது கையைத் துணி மிச்சம் பிடிப்பதற்காகத் தலைகீழாக வைத்து வெட்டினேன். கடைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் காலி வீதி வெயிலில் இறங்கியதும் ஒரு கை கறுப்பாகவும் மறு கை வெளிறியும் தெரிந்தது. கூலி வாங்காமல் புதுத் துணியில் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். அயன் பெட்டியை மேல்பக்கத்தில் வைக்காதீர்கள். துணியைக் கவிழ்த்துப் போட்டு, கீழே இன்னொரு கோர்டுரோய்த் துண்டை வைத்து, ஆவியோடு மெதுவாக ஒற்றி எடுங்கள். அத்தனை தூரம் நடந்து எழுப்பிய மயிரை ஓர் இழுப்பில் நசுக்கிவிடலாம்.

அந்தப் பிள்ளை மாசியில் வகுப்பில் பேசினாள். அரசனின் கதையைச் சொல்லி, அது ஏன் நிற்காது என்று காட்டி, பிறகு ஐந்து மைல் கணக்கைச் சொன்னாளாம். உருவிய பஞ்சுத் துண்டுகளைத் தாளில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தாள்.

என் கடையில் துணி மாதிரிகள் தொங்கும் பலகை ஒன்று உண்டு. கோர்டுரோய்த் துண்டின் கீழே ‘அரசனின் கயிறு’ என்று நானே முன்பு எழுதி ஒட்டியிருந்தேன். அதைக் கழற்றிவிட்டு இப்போது வேறொன்று எழுதி வைத்திருக்கிறேன்: கோர்டுரோய். பருத்தி. அங்குலத்துக்கு 11 வரம்பு. பெயர் இங்கிலாந்தில் பிறந்தது, 18ஆம் நூற்றாண்டு. முன்பாதி கயிறு. பின்பாதி பெரும்பாலும் டுரோய் என்ற பழைய துணி. அறுத்தவர்கள் லங்காஷயர், செஷயர்ப் பெண்களும் பிள்ளைகளும்.